எட்டுப் பேருக்கும் ஒரே சூடு

அத்தியாயம் பதினொன்று

வெளிக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு இன்றோடு பத்தொன்பது நாள்.

பூட்டியவர் மேனேஜர். "நோய் உள்ள வரக் கூடாது. இருக்கறவங்க இங்கேயே தங்குங்க. முடியாதவங்க வீட்டுக்குப் போயிடுங்க" என்று அவர் சொன்ன அன்று, முதியோர் இல்லத்தின் பதினாலு பணியாளர்களில் எட்டுப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒருத்திக்குக் கைக்குழந்தை. இன்னொருவருக்கு ஆஸ்துமா. வீட்டுக்கு வீடு ஒரு காரணம்.

மிஞ்சிய ஆறு பேரில் இரண்டு பேர் ஒரே வீடு. தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர். அவளுடைய நாத்தனாரும் அங்கே பராமரிப்பு உதவியாளருமான ரேடியோ.

ரேடியோ என்று அவளுக்குப் பேர் வைத்தவர் மாடி வார்டு ஆறாம் கட்டில் கணக்கு வாத்தியார். விரிப்பு மாற்றும்போது பேச்சு, நகம் வெட்டும்போது பேச்சு, மாத்திரை கொடுக்கும்போது பேச்சு. "இந்த ஸ்டேஷனுக்கு ஆஃப் பட்டனே கிடையாதா?" என்பார். அவள் ஒரு நாள் லீவு போட்டால், "இன்னிக்கு ஒலிபரப்பு இல்லையா?" என்று முதலில் கேட்பவரும் அவர்தான். பேர் வீடு வரைக்கும் போய், சொந்த அண்ணனே அப்படித்தான் கூப்பிட்டார்.

கேட்டைப் பூட்டிய பிறகும் நோய் வந்தது. எந்த வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தொரு பேரில் நாலு பேர் போய்விட்டார்கள். போன வாரம் நாலாவதாகப் போன அம்மாவுக்குத் தலை வாரி, முகம் துடைத்து, துணி சுற்றிக் கொடுத்தவள் ரேடியோ. உறவு என்று ஒருவரும் வர அனுமதி இல்லை. அன்றிலிருந்து ரேடியோ பேசுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள்.

அன்றே பெரிய சிஸ்டரின் கணவர் ஃபோனில் கத்தினார். "என் தங்கச்சியை அந்த வேலைக்குக் கூட்டிட்டுப் போனது நீ. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்." அவர் தையல்காரர். பள்ளிக்கூடம் மூடி, சீருடை ஆர்டர் நின்றுபோய், வீட்டில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சுக்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை.

இன்று காலை ஆறரை மணிக்குப் பெரிய சிஸ்டர் மாடி வார்டுக்குள் நுழைந்தாள். எட்டுக் கட்டில். பினாயில் வாடை. ஆறாம் கட்டிலில் போர்வை நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரய்யா?"

அவர் கண்ணைத் திறந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "வாங்க சிஸ்டரம்மா. நூத்தி மூணு இருக்கும்னு நெனைக்கறேன். பாருங்க."

பார்த்தாள். நூற்று மூன்று புள்ளி இரண்டு.

"புள்ளி ரெண்டுல தப்பிடுச்சே," என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார்.

விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். ஆக்ஸிஜன் எண்பத்தாறு. கிளிப் சரியில்லையோ என்று அடுத்த விரலில் மாட்டினாள். எண்பத்தைந்து.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ரெண்டு மணிக்குக் குளிர ஆரம்பிச்சுது. மணி அடிச்சேன். மூணு தடவை."

"யாரும் வரலையா?"

"அந்தப் பொண்ணுக்கு அசதியா இருக்கும். தூங்கினா தூங்கட்டும்னு அப்புறம் அடிக்கல."

பெரிய சிஸ்டர் ஃபோனை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கவச உடையில் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒருவர் ஸ்ட்ரெச்சரை விரித்தார். இன்னொருவர் கையில் அட்டையும் பேனாவும்.

"காய்ச்சல் எப்பலேர்ந்து?"

வார்டு வாசலில் தொங்கிய சார்ட்டை அவள் எடுத்துப் பார்த்தாள். ராத்திரி இரண்டு மணிக் கட்டம். ஐந்து மணிக் கட்டம். எட்டுக் கட்டில், பதினாறு கட்டங்கள்.

98.4. 98.4. 98.4.

பதினாறிலும் அதே எண். ஒரே மூச்சில் எழுதியது. நாலு என்ற எண்ணின் கால் ஒவ்வொன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாம் கட்டில் பெரியவருக்கு உடம்பு எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். தொண்ணூற்று ஏழைத் தாண்டி அவள் பார்த்ததே இல்லை. அவருக்கும் 98.4. உயிரோடு இருக்கிற எட்டு உடம்பு ஒரே மாதிரி சுடுமா?

"சிஸ்டர், நேரமாகுது. எப்பலேர்ந்து?"

"அஞ்சு மணிக்கு நார்மல்," என்றாள்.

யோசித்துச் சொன்னதல்ல. சார்ட்டில் இருந்தது, வாயில் வந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த வாத்தியாருக்கு அது கேட்டது. மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. பையனுக்கு மார்க் கூட்டிப் போடச் சொல்லி வந்து நிற்கிற தகப்பனைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மீதி ஏழு பேருக்கும் அவளே கைப்படச் சூடு பார்த்தாள். ஆறு பேருக்குக் காய்ச்சல் இல்லை. இரண்டாம் கட்டில்காரம்மா, டெலிஃபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நூறு புள்ளி எட்டு. கோடி அறைக்கு அவளை மாற்றும்போது, "எனக்கு ஒண்ணுமில்ல, லைன்ல கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான்," என்றாள் அந்த அம்மா.

பெரிய சிஸ்டர் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் நூறு எண்ணும் வரை அழுவது அவள் வழக்கம். இந்தப் பத்தொன்பது நாளில் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சமையல்காரர் மொட்டை மாடியில் நின்று யாருமில்லாத தெருவைப் பார்த்து ஒரு பாட்டம் கெட்ட வார்த்தை பேசிவிட்டு வருவார். சலவைக்காரம்மாவுக்கு வாஷிங் மெஷின். "சுத்து, சுத்து, உனக்கென்ன, கரண்ட் போனா நின்னுக்கலாம்," என்று அதைத் திட்டித் திட்டியே மனசு ஆறிக்கொள்வாள். ரேடியோவுக்கு இருந்தது பேச்சு ஒன்றுதான்.

இன்று எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவில்லை. குழாயை மூடிவிட்டுத் துணி அறைக்குப் போனாள்.

மடித்த போர்வை அடுக்குகளுக்கு நடுவே, ராத்திரி டூட்டி பார்த்த ரேடியோ தரையில் உட்கார்ந்திருந்தாள். கையுறை மாட்டி மாட்டி விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ராத்திரி தூங்கிட்டியா?"

"இல்ல."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பெரிய சிஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தூங்கிப்போனவளை மன்னிக்கலாம்.

"மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி. மூணு தடவை. இங்கதான் உக்காந்திருந்தேன். எழுந்திருக்கணும்னு நெனச்சேன். காலுக்குச் சொன்னேன். கால் கேக்கல."

"அப்ப சார்ட்ல எழுதினது?"

"அஞ்சு மணிக்கு எப்படியோ எழுந்துட்டேன். வார்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள போனா இன்னொருத்தர் செத்துக் கிடப்பாங்களோன்னு… வாசல்ல நின்னே எழுதினேன். எல்லாருக்கும் நல்ல நம்பரா போட்டேன் அண்ணி." அவள் சிரித்தாள். முகத்தோடு சேராத சிரிப்பு.

"அந்த மனுஷன் ரெண்டு மணிலேர்ந்து நடுங்கியிருக்கார்டி!" பெரிய சிஸ்டரின் குரல் அறைக்கு வெளியே போயிற்று. "ஆக்ஸிஜன் எண்பத்தஞ்சுக்கு வந்துடுச்சு. நீ நல்ல நம்பர் போட்டியா?"

ரேடியோ தோல் உரிந்த விரலைப் பார்த்தாள். "முந்தாநாள் சொன்னேனே அண்ணி. என்னால முடியலன்னு," என்றாள்.

"எப்ப சொன்ன?"

"தட்டுக் கழுவறப்போ. இன்னும் ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொன்னீங்க. கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பெரிய சிஸ்டருக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. ரேடியோவைக் கையைப் பிடித்து எழுப்பி, கட்டிலில் படுக்கவைத்து, டூட்டி லிஸ்ட் ஒட்டியிருந்த சுவருக்கு வந்தாள்.

இரவுக் கட்டத்தில் ஒரே பேர். எண்ணினாள். பதினோரு ராத்திரி தொடர்ந்தாற்போல். எழுத்து அவளுடையது.

சலவைக்காரம்மாவைக் கேட்டால் முதுகு வலி என்பாள். சமையல்காரரைக் கேட்டால் விடிகாலை அடுப்பு யார் பற்றவைப்பது என்பார். நாத்தனாரைக் கேட்கவே வேண்டாம். பேரைப் போட்டால் போதும். வீட்டு ஆள்தானே என்று ஒவ்வொரு நாளும் போட்டிருக்கிறாள். வெளியாளாக இருந்தால் மூன்றாம் நாளே முகத்தைப் பார்த்திருப்பாள்.

பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். அவரும் பத்தொன்பது நாளாக ஆபீஸ் மேஜை மேல்தான் படுக்கிறார். சட்டைக் காலர் கறுத்திருந்தது.

"நாலு மணிக்கு சுகாதார ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆள் போனாலே வந்துடுவாங்க. சார்ட்டெல்லாம் கேப்பாங்க. சுத்தமா இருக்கில்ல சிஸ்டர்?"

"ரொம்ப சுத்தமா இருக்கு சார்."

"நல்லது. இந்த நேரத்துல ஒரு சின்னக் கறை வந்தாலும் மூடிடுவாங்க. இருபத்தாறு பேரை எங்க கொண்டு போய் வைக்கறது? சொல்லுங்க."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

பதினோரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே தையல்காரர் வந்து நின்றார். பஸ் ஓடவில்லை. ஒரு மணி நேரம் நடந்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. கம்பிக்கு இந்தப் பக்கம் ஆறடி தள்ளி அவள் நின்றாள்.

"அவளைக் கூப்பிடு."

"படுத்திருக்கா."

"உடம்புக்கா?"

"அசதி."

"நேத்து வீடியோவுல பார்த்தேன். வாயே திறக்கல. எதுக்கோ சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல." அவர் கம்பியைப் பிடிக்கப் போய், நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். "அவளை அனுப்பிடு."

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதுங்க. அஞ்சு பேர்தான் மிஞ்சுவோம். இருபத்தாறு பேரைப் பார்க்கணும்."

"நீ நர்ஸா பேசறியா, அவளுக்கு அண்ணியா பேசறியா?"

"எனக்கு இருக்கறது ஒரு வாய்தாங்க."

அவர் பையைக் கம்பியோரமாகத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார். அவள் எடுத்துப் பிரித்தாள். ரேடியோவுக்கு இரண்டு செட் துணி, ஒரு டப்பா களிம்பு, தைத்த முகக்கவசம் ஒரு கட்டு.

"உனக்கு ஏதாவது எடுத்துட்டு வரணும்னே தோணல," என்றார் தரையைப் பார்த்தபடி. "பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு."

"எனக்கு எல்லாம் இருக்கு."

"பொய் சொல்ற."

எந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு கணம் அவள் பயந்தாள். அவர் அவளுடைய கிழிந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கயும் போகல," என்று எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த கடையின் படியைக் காட்டினார். "அங்க உக்காந்திருக்கேன். அவ வர்ற வரைக்கும்."

ஒரு மணிக்கு வாத்தியாரின் மகள் கூப்பிட்டாள். வேறு ஊரில் இருப்பவள். வண்டி கிடையாது, அனுமதிச் சீட்டும் கிடைக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில ஒண்ணும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க சிஸ்டர். ராத்திரி அப்பா நல்லாத்தானே இருந்தாங்க?"

"அஞ்சு மணிக்கு நார்மல்தாம்மா."

இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.

"உங்களை மாதிரி ஆளுங்க பக்கத்துல இருக்கீங்கங்கற ஒரே தெம்புலதான் நான் இங்க இருக்கேன். ரேடியோக்கா எப்படி இருக்காங்க? அப்பா ஃபோன் எடுத்தா பாதி நேரம் அவங்க கதைதான்."

"இருக்காம்மா. நல்லா இருக்கா."

ஃபோனை வைத்த பிறகு பெரிய சிஸ்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. ரொட்டியும் சூப்பும். சூப் ஆறி மேலே ஆடை கட்டியது. மாடிக்குப் போய்ச் சார்ட்டை எடுத்து வந்தாள். மேனேஜர் சொன்னதை நினைத்தாள். படியில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்தாள். உண்மையை எழுதினால் முதலில் அடிபடுகிறவள் அவர் தங்கை. எழுதாவிட்டால் நாளைக்கும் அதற்கு மறுநாளும் யாரோ ஒருவர் வாசலில் நின்றே 98.4 எழுதுவார்கள். அந்த ஆள் பெரிய சிஸ்டராகவே இருக்கலாம்.

எதையும் அடிக்கவில்லை. கீழே காலியாக இருந்த இடத்தில் சிவப்பு மையில் எழுதினாள்.

'மேற்கண்ட பதினாறு அளவுகளும் எடுக்கப்படவில்லை. ஆறாம் கட்டிலின் அழைப்பு மணிக்கு யாரும் போகவில்லை. பணியில் இருந்த உதவியாளர் தொடர்ந்து பதினோரு இரவுகள் வேலை செய்தவர். முடியவில்லை என்று அவர் சொன்ன பிறகும் பணி ஒதுக்கியவள் நான்.'

கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் போட்டாள்.

நாலு மணிக்கு வந்த அதிகாரி ஒல்லியான பெண். முகத்தை மறைத்த கண்ணாடித் தகடு மூச்சில் பனித்துப் பனித்து, நிமிஷத்துக்கொரு தரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. முன்வராண்டாவில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினாள். மாடி வார்டு சார்ட்டில் கை நின்றது.

"இது என்ன?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

அதிகாரி நிமிர்ந்தாள். "மணி அடிச்சும் ஏன் போகல?"

எழுதத் துணிந்த பெரிய சிஸ்டருக்கு இந்த இடத்தில் மனசு வழுக்கியது. "உடம்பு முடியல மேடம். மயக்கம் மாதிரி வந்து விழுந்துட்டா. பாவம், அவளுக்கே தெரி…"

"மயக்கம் இல்ல."

மாடிப்படியின் கடைசிப் படியில் ரேடியோ நின்றிருந்தாள். தலை கலைந்து, மேல் துணி ஒரு பக்கம் நழுவி. எப்போது இறங்கி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"மணி கேட்டுச்சு மேடம். மூணு தடவை. நான் போகல. அண்ணி எனக்காகச் சொல்றாங்க."

"ஏம்மா போகல?"

"போன வாரம் ஒரு அம்மா. அதுக்கு முன்னாடி மூணு பேர். எல்லாரையும் நான்தான் சுத்திக் குடுத்தேன். அஞ்சாவதா வாத்தியாரா இருந்துடுமோன்னு பயம். போகாம இருந்தா எதுவும் ஆகாதுன்னு நெனச்சேன் போல. எனக்கே சரியா சொல்லத் தெரியல." அவள் நிறுத்தினாள். ஒரு வாரத்தில் வெளியாள் முன்னால் அவள் சேர்ந்தாற்போல் பேசியது இவ்வளவுதான்.

அதிகாரி நிறைய நேரம் எழுதினாள். முடிவில் பேனாவை மூடிவிட்டு, உரத்துப் பேசாமல் சொன்னாள். "இந்தப் பொண்ணு இன்னிக்கே வீட்டுக்குப் போகட்டும். பரிசோதனை எடுத்துக்கறோம், தனி அறையில இருக்கணும். மனநல டாக்டர் ஒருத்தர் ஃபோன்ல பேசுவார். ரெண்டு பேரும் ஒரு வாரத்துல விளக்கம் எழுதிக் குடுக்கணும். நடவடிக்கை என்னன்னு நான் சொல்ல முடியாது, மேல இருக்கறவங்க சொல்வாங்க."

"ஆள் வேணும் மேடம்," என்றாள் பெரிய சிஸ்டர். "அஞ்சு பேர்தான் இருக்கோம்."

"கேட்டு எழுதறேன். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." தகட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாத்தியார் வீட்டுக்கு யார் சொல்றீங்க?"

"நான்."

அதை உடனே செய்தாள். ஆறப்போட்டால் இன்னொரு பொய் முளைத்துவிடும் என்று பயந்தாள். மகள் குறுக்கிடாமல் கேட்டாள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"மதியம் என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

பெரிய சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

ஐந்தரைக்கு மேனேஜர் கேட்டைத் திறந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைப்படியிலிருந்து தையல்காரர் எழுந்து வந்தார். ரேடியோ துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கேட்டருகே நின்று திரும்பினாள்.

"என்னைப் பத்தி எழுதினது சரிதான் அண்ணி. முந்தாநாளே என் மூஞ்சியப் பாத்திருக்கலாம்."

பெரிய சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினாள்.

தையல்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்தது அவருக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. "நீ?" என்றார் மனைவியிடம்.

"நான் இருக்கேன்."

"சாப்பிடு," என்றார். ஒரு வாரத்துக்கப்புறம் அவர் குரலில் கோபம் இல்லாமல் வந்த முதல் வார்த்தை. பிறகு தங்கையை முன்னால் விட்டு, ஆறடி பின்னால் நடந்தார். பூட்டு மறுபடி விழுந்தது.

பெரிய சிஸ்டர் சுவரிலிருந்த டூட்டி லிஸ்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். இன்றைய இரவுக் கட்டத்தில் தன் பேரை எழுதப் போனபோது சலவைக்காரம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பகல் பூரா நின்னது போதாதா? இன்னிக்கு நான் பாக்கறேன்."

"காய்ச்சல் பாக்கத் தெரியாதே உங்களுக்கு. முதுகு வேற…"

"முதுகு இருக்கட்டும். பட்டன் அமுக்கத் தெரியும். காட்டுங்க."

காட்டிக்கொண்டிருந்தபோதே ஆபீஸ் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். குரல் கரகரத்திருந்தது, அவளும் எத்தனை மணி நேரமாக நிற்கிறாளோ.

"உங்க இடத்துலேர்ந்து காலைல வந்தாரே, கணக்கு வாத்தியார். மூச்சு இறங்கிட்டே இருக்கு. தொண்டையில குழாய் விடணும்கறார் டாக்டர். விட்டா பேச முடியாது. ரேடியோ வேணும், ரேடியோ வேணும்கறார். பாட்டுக் கேக்க ஆசைப்படறார் போலன்னு நெனச்சோம். அப்புறம்தான் ஆள் பேர்னு புரிஞ்சுது. இருக்காங்களா?"

"அவர் மகள்கிட்ட…"

"இப்பதான் பேசினார். மகள் என்ன சொன்னாங்கன்னு தெரியல, கண்ணுல தண்ணி. உடனே ரேடியோவைக் கூப்பிடுன்னார். அரை மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல முடியாது சிஸ்டர்."

ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டு, பெரிய சிஸ்டர் கணவரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் இரண்டு ஜோடிச் செருப்பின் சத்தம் கேட்டது.

"பாலத்துக்கிட்ட வந்துட்டோம். என்ன?"

சொன்னாள். அவர் ஃபோனைத் தள்ளிப் பிடித்துத் தங்கையிடம் சொல்வது கேட்டது. பிறகு ரேடியோவின் குரல், தூரத்திலிருந்து. "வேண்டாம்ணே. என்னால முடியாது. திட்டத்தான் கூப்பிடறார்."

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் பெரிய சிஸ்டர். "போட்டீங்களா? ஏய், கேக்குதா? அவர் திட்டலாம். அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கறேன். நல்லதாத்தான் சொல்வார்னு உன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அரை மணி நேரம்தான் அவரால பேச முடியும். அதுலயும் அஞ்சு நிமிஷம் போயிடுச்சு. பேசணுமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு. நான் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்லல."

செருப்புச் சத்தம் நின்றது.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது ஃபோனில் கேட்டது.

"அண்ணி." குரல் இப்போது பக்கத்தில் வந்தது. "எழுதிக்கப் பேனா இல்ல. நம்பரை மெதுவாச் சொல்லுங்க. மனசுல வச்சுக்கறேன்."

பெரிய சிஸ்டர் முதல் எண்ணைச் சொன்னாள்.